வீட்டில் பிள்ளைக்குப் பாடம், அம்மாவுக்கும் ஒரு புத்தகம்

"பிள்ளை இன்னிக்கு ஸ்கூலுக்குப் போகலையா?"

இரண்டு ஆண்டுகளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஈப்போவில் மருந்துக்கடை வாசலில் கேட்டார்கள். வீட்டு வேலியோரம் துணி காயப்போடும்போது கேட்டார்கள். கேட்டவர்கள் மேல் குற்றமில்லை. பள்ளி நேரத்தில் எட்டு வயதுப் பிள்ளை முகக்கவசமும் தொப்பியும் போட்டுக்கொண்டு அம்மா கையைப் பிடித்து நின்றால் யாருக்கும் கேட்கத்தான் தோன்றும்.

எங்கள் கடைக்குட்டி தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிய வந்தது. பிள்ளைகளுக்கு வரும் இந்த வகை நோய்க்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீளும். மருந்தின் வீரியத்தால் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும். மற்ற பிள்ளைக்குச் சாதாரணச் சளியாக வருவது இவளுக்கு ஆபத்தாக முடியலாம். "கூட்டத்தில் விடாதீர்கள்" என்றார் மருத்துவர். பள்ளிக்கூடத்தைவிடப் பெரிய கூட்டம் எது?

நான் குமாஸ்தா வேலையை விட்டேன். கணவர் லாரி ஓட்டுநர். மூத்தவன் இடைநிலைப்பள்ளி, நடுவில் உள்ளவள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. வீட்டில் மாமியாரும் இருக்கிறார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். இத்தனை பேருக்கும் சமைத்து, துவைத்து, மருத்துவமனைக்கும் அலைந்துகொண்டு ஒரு பிள்ளைக்கு வீட்டிலேயே பாடமும் சொல்லித்தர வேண்டிய நிலை வந்தது.

மகள் இப்போது பள்ளிக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் அவள் திரும்பிய பிறகுதான் எனக்குப் பல தாய்மார்களிடமிருந்து அழைப்பு வரத் தொடங்கியது. ஒருவர் மகனுக்கு ஆட்டிசம். இன்னொருவர் மகள் பகடிவதைக்குப் பயந்து பள்ளிக்குப் போக மறுக்கிறாள். வேறு ஒருவருக்கு வீட்டுக்கல்விதான் நல்லது என்ற நம்பிக்கை. "நீங்க எப்படிச் செஞ்சீங்க அக்கா?" என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிட்டு, பிறகு சிக்கலில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

நம் நாட்டில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 29ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 2002இல் செய்த திருத்தத்தின் வழி சேர்க்கப்பட்டு, 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, நாட்டில் வசிக்கும் மலேசியக் குடிமக்கள் தங்கள் பிள்ளைக்கு அந்தப் பள்ளி ஆண்டின் ஜனவரி முதல் தேதியில் ஆறு வயது நிரம்பியிருந்தால், தொடக்கப்பள்ளியில் சேர்த்தே ஆக வேண்டும். சேர்த்த பிறகு, தொடக்கக் கல்வி முடியும் வரை பிள்ளை அங்கே படிப்பதையும் உறுதி செய்ய வேண்டும். மீறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தம் 2025இல் மக்களவையில் நிறைவேறியது.

அப்படியானால் வீட்டுக்கல்வி சட்டவிரோதமா? அப்படி இல்லை. விலக்கு அளிக்கும் அதிகாரத்தைச் சட்டம் கல்வி அமைச்சருக்குக் கொடுத்திருக்கிறது. பெற்றோர் விண்ணப்பம் செய்து அனுமதி பெற வேண்டும். இதுவரை பெரும்பாலும் உடல்நலக் காரணங்களுக்குத்தான் அனுமதி கிடைத்து வந்துள்ளது. "எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை" என்பது மட்டும் போதாது.

எங்கள் நிலை வேறு. நாங்கள் பிள்ளையின் பெயரைப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுக்கவே இல்லை. மருத்துவர் கொடுத்த கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்தோம். ஒவ்வொரு முறையும் விடுப்புச் சான்றிதழைத் தவறாமல் அனுப்பினோம். பெயர் பள்ளியிலேயே இருந்ததால் பாடநூல் வந்தது, ஆசிரியர் பயிற்சித்தாள் கொடுத்தனுப்பினார், திரும்பிப் போகும்போது இடமும் இருந்தது.

எனவே நோயின் காரணமாகப் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அவசரப்பட்டுப் பெயரை எடுத்துவிடாதீர்கள். முதலில் தலைமையாசிரியரிடம் பேசுங்கள், பிறகு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நகல் எடுத்துப் பெற்றுக்கொண்ட முத்திரையோடு கோப்பில் வையுங்கள். சில பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் கல்வியமைச்சு 2011 தொடங்கி மருத்துவமனைப் பள்ளி நடத்தி வருகிறது. உங்கள் பிள்ளை வார்டில் தங்கிச் சிகிச்சை பெறுபவர் என்றால் தாதியிடம் அதைப் பற்றி விசாரியுங்கள்.

இன்னொன்று. 'ஹோம் ஸ்கூல்' என்று பலகை மாட்டிய நிலையங்கள் பட்டணத்தில் நிறைய இருக்கின்றன. அங்கே பிள்ளையை அனுப்புவதற்கும், வீட்டில் அம்மா சொல்லிக்கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. நிலையம் என்றால் கல்வியமைச்சில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பணம் கட்டும் முன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டரை மணி நேரம் போதும்

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நாடு முழுவதும் அம்மாக்கள் எல்லாரும் ஆசிரியர்களானோம். ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பிடித்த கதை எந்த வீட்டில் இல்லை? அந்த அனுபவத்தால் பலருக்கு ஒரு தவறான எண்ணம் வந்துவிட்டது. வீட்டுக்கல்வி என்றால் காலை ஏழரை முதல் பகல் ஒரு மணி வரை பிள்ளையைப் பாட மேசையில் உட்கார வைப்பது என்று நினைக்கிறார்கள்.

நானும் முதல் மாதம் அப்படித்தான் செய்தேன். வெள்ளைப்பலகை வாங்கினேன். நேர அட்டவணை ஒட்டினேன். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது, மகள் அழுதாள், நான் கத்தினேன்.

பிறகுதான் யோசித்தேன். வகுப்பில் முப்பது பிள்ளைகள். ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்க வேண்டும், எல்லாரையும் அமைதிப்படுத்த வேண்டும், முப்பது நோட்டுகளைத் திருத்த வேண்டும். வீட்டில் ஒரே பிள்ளை. பள்ளியில் ஐந்து மணி நேரத்தில் நடப்பதை வீட்டில் இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். மருந்து கொடுத்த மறுநாள் அதுவும் முடியாது, அரை மணி நேரம்தான். அதையும் ஏற்றுக்கொண்டேன்.

எங்கள் நாள் இப்படித்தான் ஓடியது. ஐந்தரைக்கு எழுந்து மூத்தவர்கள் இருவருக்கும் பசியாறச் செய்து அனுப்புவேன். எட்டரைக்குக் கடைக்குட்டி எழுந்து பசியாறி மருந்து எடுப்பாள். ஒன்பதிலிருந்து பத்தரை வரை கணிதமும் மலாயும். அதன் பிறகு நான் சமையலுக்குப் போய்விடுவேன். மேல்மூச்சு வாங்காமல் பிற்பகல் இரண்டரைக்கு மறுபடி உட்கார்ந்தால் தமிழ், அறிவியல், கொஞ்சம் ஆங்கிலம். மாலையில் வாசிப்பு மட்டும். மற்ற எது விடுபட்டாலும் அந்த வாசிப்பை மட்டும் விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தோம்.

பாட்டியும் ஓர் ஆசிரியர்தான்

நான் அடுப்பருகே இருக்கும் நேரத்தில் பாட்டிதான் துணை. அவர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். "எனக்கு என்ன தெரியும்னு சொல்லிக்கொடுக்க?" என்று முதலில் ஒதுங்கினார்.

ஒரு நாள் மகளுக்குப் பெருக்கல் வரவில்லை. பாட்டி திண்ணையில் இருந்தபடியே கேட்டார்: "ஒரு நிரையில ஐந்நூறு மரம் இருக்கு கண்ணு. ஒரு மரம் வெட்ட இருபது நொடின்னு வெச்சுக்க. எப்ப வெட்டி முடிப்பேன்?"

மகள் நோட்டில் போட்டுப் பார்த்தாள். 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000 நொடி. அறுபதால் வகுத்தால் 166 நிமிடம், மிச்சம் 40 நொடி. ஏறக்குறைய 2 மணி 47 நிமிடம். "காலையில ஆறு மணிக்குத் தொடங்கினா ஒன்பதுக்குள்ள முடிச்சிடுவீங்க பாட்டி!" என்றாள். "அப்புறம் பால் எடுக்க மறுபடியும் ஐந்நூறு மரம் சுத்தணுமே, அந்தக் கணக்கை யார் போடுறது?" என்று பாட்டி சிரித்தார்.

அன்றிலிருந்து பாட்டிக்கும் வகுப்பு ஒதுக்கினோம். பட்டையில் வெட்டு ஏன் சாய்வாக இருக்க வேண்டும், மழை பெய்தால் ஏன் வேலை நின்றுவிடும், பால் கெட்டியாக என்ன ஊற்றுவார்கள் என்பதெல்லாம் அறிவியல் பாடமானது. அவள் உடம்பு கொஞ்சம் தேறியதும் ஒரு நாள் கோலகங்சாருக்குக் கூட்டிப் போனோம். 1877இல் நடப்பட்ட முதல் ரப்பர் கன்றுகளில் மிஞ்சிய ஒரு மரம் அங்கே இன்னும் நிற்கிறது. பாட்டி அந்த மரத்தின் பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுதான் எல்லாத்துக்கும் ஆத்தாளா?" என்றார். அதை மகள் தன் கட்டுரையில் எழுதினாள். ஆசிரியர் அதைப் படித்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

வாசிப்பை ஏன் விடக்கூடாது?

உலக நாடுகளின் 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் பீசா தேர்வில் மலேசியாவின் வாசிப்புப் புள்ளி 2018இல் 415 ஆக இருந்தது. 2022இல் அது 388க்கு இறங்கியது. வளர்ந்த நாடுகள் அமைப்பின் சராசரி 476. இடையில் பெருந்தொற்றுக் காலம் வந்தது உண்மைதான். ஆனாலும் பிள்ளைகள் ஒரு பத்தியைப் படித்துப் பொருள் கொள்வதில் பின்தங்கியிருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது. கணிதத்தில் வாக்கியக் கணக்கைத் தவறாகப் போடும் பல பிள்ளைகளுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்ளத்தான் தெரியவில்லை.

தமிழில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, மொத்தம் 247 எழுத்து. உண்மையில் 247ஐயும் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மெய்யோடு உயிர் சேரும் முறை பிடிபட்டால் போதும். ஆனால் அது பிடிபடும் வரை பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கிறது. எழுத்துக்கூட்டும்போது கவனமெல்லாம் எழுத்திலேயே போய்விடும். வாக்கியத்தின் கடைசிக்கு வரும்போது முதல் சொல் மறந்திருக்கும். தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. அங்கே போய்ச் சேரும் முன் களைத்துவிட்டால் பொருள் எப்படி விளங்கும்?

இதற்கு இரண்டு வழிகள் எங்களுக்குக் கைகொடுத்தன. ஒன்று, பிள்ளைக்குத் தெரிந்ததைவிட எளிய புத்தகத்தையே திரும்பத் திரும்பப் படிக்க வைப்பது. ஒரு பக்கத்தில் தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். ஒன்றிரண்டு விரல் என்றால் சரியான புத்தகம்.

இரண்டு, அவளால் படிக்க முடியாத கடினமான கதையை நாம் வாய்விட்டுப் படித்துக் காட்டுவது. காதால் கேட்ட சொல்லைப் பிறகு கண்ணால் பார்க்கும்போது பிள்ளை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். நாம் வீட்டில் பேசும் தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. அந்த இடைவெளியை நிரப்ப வாய்விட்டுப் படிப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

நான் செய்த தவறு

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நடுவில் உள்ளவள் அக்காலத்தில் புத்தகத்தைத் தொடவே மாட்டாள். காரணம் நான்தான். அவள் சேட்டை செய்தால், "போய்ப் பத்துப் பக்கம் படி" என்பேன். படித்து முடித்ததும் கேள்வி கேட்பேன். தவறாகச் சொன்னால் திட்டுவேன். வாசிப்பு அவளுக்குத் தண்டனையாகிவிட்டது. வீட்டில் தங்கை மட்டும் அம்மாவோடு ஒட்டி உட்கார்ந்து கதை கேட்கிறாள் என்ற ஏக்கம் வேறு. நோயாளிப் பிள்ளை இருக்கும் வீட்டில் மற்ற பிள்ளைகள் வாய் திறந்து கேட்காமலே ஒதுங்கிக்கொள்வார்கள். அதைக் கவனிக்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

பிறகு இரவு வாசிப்பை எல்லாருக்கும் பொதுவாக்கினேன். எட்டரை மணிக்குத் தொலைக்காட்சி நிற்கும். ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்க வேண்டும். கேள்வி கிடையாது, தேர்வும் கிடையாது. மூத்தவன் கால்பந்துச் செய்தியைப் படித்தான். யாரும் தடுக்கவில்லை. நடுவில் உள்ளவள் மூன்று வாரம் சும்மா இருந்தாள். நான்காவது வாரம், "இன்னிக்கு நான் படிக்கவா?" என்று கேட்டாள்.

தோட்டத்தில் இது புதிதல்ல

ஒருவர் படிக்கப் பலர் கேட்பது நம் சமுதாயத்துக்கு வழக்கமான ஒன்றுதான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைத்துத் தர வேண்டும். பல தோட்டங்களில் அது ஒரே அறை, ஒரே வாத்தியார். பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடைக்காத இடத்தில் கங்காணியோ கிராணியோ எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 1957இல் நாடு முழுவதும் 880க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520க்கும் சற்று மேல்தான். அவற்றில் 130க்கும் மேற்பட்டவை நம் பேராக்கில் இருக்கின்றன.

அந்தப் பள்ளிகளில் படித்தவர்களை எழுத்தாளர்களாக்கியது பத்திரிகை. 1924இல் தொடங்கிய தமிழ் நேசனில் 1950ஆம் ஆண்டுவாக்கில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு, மாணவர் மணிமன்றத்தின் வழி இளம் பிள்ளைகளை எழுத வைத்தது. தோட்டத்து லயத்தில் விளக்கு வெளிச்சத்தில் எழுதியவர்களின் கதை அச்சில் வந்தது. அதுவும் ஒரு வகையில் வீட்டுக்கல்விதான். தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோனபோது எங்கள் வீட்டில் பாட்டிதான் அதிகம் வருந்தினார்.

அவர் சிறுமியாக இருந்தபோது தோட்டத்துக் கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். "எனக்குச் செய்தி புரிஞ்சுது. ஆனா எழுத்து மறந்துபோச்சு" என்பார். அதனால் கடைக்குட்டிக்கு ஒரு வேலை கொடுத்தோம். தினமும் பத்திரிகையில் ஒரு செய்தியைப் பாட்டிக்குப் படித்துக் காட்ட வேண்டும். தடுமாறினால் பாட்டி திட்டமாட்டார், அவருக்கும் தெரியாதே! அவள் திருத்திப் படிப்பாள். சில மாதங்களில் தலைப்புகளைப் பாட்டியே விரல் வைத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார்.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டமும் இப்படித்தான். பெருந்தொற்றால் படிப்பை இழந்த பிள்ளைகளுக்கு அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் மாலை வேளையில் வீட்டருகே சொல்லிக்கொடுத்தார்கள். பெரிய கட்டடம் தேவைப்படவில்லை. உட்கார ஒரு திண்ணையும் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும் போதுமாக இருந்தது.

அம்மா எப்போது படிப்பது?

"பிள்ளைக்கு வாசிக்கிறது சரி அக்கா, எனக்கு ஏது நேரம்?" என்று கேட்பவர்கள் அதிகம். நானும் கேட்டிருக்கிறேன். திருமணத்துக்கு முன் நாவல் படித்தவள்தான். பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு புத்தகமும் முடிக்கவில்லை.

மருத்துவமனைக் காத்திருப்பு அறையில்தான் மறுபடி தொடங்கினேன். எண் அழைக்கும் வரை கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தால் நோய் பற்றிய பயமுறுத்தும் செய்திகளே கண்ணில் படும். மனம் இன்னும் கலங்கும். ஒரு நாள் பையில் புத்தகம் வைத்துக்கொண்டேன். ஒரே பக்கத்தை நான்கு முறை படித்தேன். ஆனாலும் அந்த அரை மணி நேரம் மூச்சு சீராக இருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடத்தில் மெதுவாகப் படித்தால்கூடப் பத்துப் பக்கம் படிக்கலாம். ஓராண்டுக்கு 3,650 பக்கம். 200 பக்கப் புத்தகமாக இருந்தால் பதினெட்டு. பாதி நாள் விட்டுப்போனாலும் ஒன்பது புத்தகம். சோறு வேகும் நேரம், டியூஷன் வாசலில் மோட்டார் சைக்கிளோடு காத்திருக்கும் நேரம், துணி துவைக்கும் இயந்திரம் சுற்றும் நேரம், எல்லாம் சேர்ந்தால் பதினைந்து நிமிடம் வந்துவிடும். புத்தகம் அலமாரியில் இருந்தால் நடக்காது. கைக்கு எட்டும் இடத்தில், அடுப்படியிலும் பையிலும் இருக்க வேண்டும்.

இன்னொரு பலனும் உண்டு. "படி படி" என்று நூறு முறை சொன்னதைவிட, நான் படிப்பதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

புத்தகத்துக்கு எங்கே போவது?

ஈப்போவில் இருப்பவர்களுக்குத் துன் ரசாக் நூலகம் இருக்கிறது. தமிழ்ப் புத்தகம் குறைவாக இருந்தால் முகப்பில் கேளுங்கள், எழுதிக் கொடுங்கள். கேட்பவர் இருந்தால்தான் வாங்குவார்கள். பிள்ளைக்கு உறுப்பினர் அட்டை எடுத்துக் கொடுங்கள். தன் பெயர் போட்ட அட்டை என்பது பிள்ளைக்குப் பெரிய பெருமை.

தோட்டப்புறத்தில் நூலகம் தூரமாக இருக்கலாம். ஆனால் கைப்பேசி இருக்கிறது. இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எளிமை, கடினம் என்று நிலை பிரித்தும் வைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்க்கும் நூலகம் தளம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவை உள்ளன. நம் பள்ளிப் பாடநூல்களின் மின்வடிவைக் கல்வியமைச்சின் டெலிமா தளத்தில் பிள்ளையின் கணக்கு வழி பார்க்கலாம்.

காசு கொடுத்து வாங்குபவர்கள் ரசீதை எறியாதீர்கள். வருமான வரியில் வாழ்க்கைமுறைச் சலுகை என்று 2,500 ரிங்கிட் வரை கழிவு உண்டு. அதில் புத்தகம், பத்திரிகை, கணினி, இணையக் கட்டணம் எல்லாம் அடங்கும். ரசீதுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

எங்கள் தாமானில் நான்கு வீடுகள் சேர்ந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டி வைத்தோம். படித்து முடித்த புத்தகத்தைப் போட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அன்பளிப்பில் ஐந்து வெள்ளிக்குப் புத்தகம் வாங்கிப் பெட்டியில் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

தேர்வும் திரும்பிப் போவதும்

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும் பி.டி.3 தேர்வு 2022இலும் அகற்றப்பட்டுவிட்டன. அதன் பிறகு தொடக்கப்பள்ளியில் ஆசிரியரின் வகுப்பறை மதிப்பீடு முக்கியமானது. எனவே வீட்டில் இருக்கும் பிள்ளை யு.பி.எஸ்.ஆர். தேர்வைத் தவறவிடும் என்ற பயம் தொடக்க நிலையில் வேண்டாம். ஆனால் எஸ்.பி.எம். இருக்கிறது. அதைத் தனியார் வேட்பாளராகவும் எழுதலாம். சான்றிதழ் பெற மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றே ஆக வேண்டும். வீட்டில் தமிழும் ஆங்கிலமும் மட்டும் போதும் என்று மலாயை விட்டுவிடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். தமிழ் மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் பாடமாக எடுப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

வீட்டுக்கல்வி எல்லாருக்கும் ஏற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு சம்பளம் போய்விடும். அம்மாவுக்கு ஓய்வு இருக்காது. பிள்ளைக்குத் தோழர்கள் வேண்டும். என் மகளுக்குப் பாடத்தைவிடத் தோழிகள் இல்லாததுதான் பெரிய குறை. ஜன்னல் வழியாகப் பள்ளிப் பேருந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்களுக்கு வேறு வழி இல்லாததால் செய்தோம். பள்ளிக்கு அனுப்ப முடிந்தவர்கள் நம் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புங்கள். வீட்டில் வாசிப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் அனுமதித்த பிறகு மகள் நான்காம் ஆண்டு வகுப்புக்குத் திரும்பினாள். முதல் நாள் வாசலில் விட்டுவிட்டு அழக்கூடாது என்று நின்றேன். மாலையில் வந்ததும், "கணக்குல கொஞ்சம் பின்னாடி இருக்கேன்மா. ஆனா தமிழ் வகுப்பில டீச்சர் என்னையே படிக்கச் சொன்னாங்க" என்றாள்.

இப்போது காலையில் வீட்டில் பாட்டியும் நானும் மட்டும். பத்திரிகை வந்ததும் பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலைப்புகளைப் பார்க்கிறார். செய்தியை மட்டும் படிப்பதில்லை. "பிள்ளை சாயங்காலம் வந்து படிக்கட்டும், எடுத்து வை" என்கிறார்.